எழுத்து ஒன்று, பொருள் வேறு

டி.சி.ஐ.சி. என்பது லாரிக்காரர்கள் பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் நாலு எழுத்து. டாடாவின் 697 டி.சி.ஐ.சி. இன்ஜினை ஓட்டாத, ஓட்டியவரைத் தெரியாத லாரிக் குடும்பம் தென்மாவட்டங்களில் இருக்காது. அதில் 'டி.சி.' டர்போசார்ஜர். 'ஐ.சி.' இன்டர்கூலர். வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால், அதன் தம்பி மாதிரி நிற்கும் அலுமினியப் பெட்டி அது. உள்ளே தண்ணீர் ஓடாது, காற்றுதான் ஓடும். வண்டிக்குள் இருப்பதிலேயே பேசாமல் வேலை செய்யும் சாமான் இதுதான். சுழல்வதில்லை, சத்தம் போடுவதில்லை. அதனாலேயே இதில் போலி செய்வதும் சுலபம்.

கோவிலூர்ப் பக்கம் வண்டி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனோடு சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்ததில் இந்தக் கட்டுரை உருவானது. அவர் எனக்குச் சொல்லித்தந்தது அசல் இன்டர்கூலரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை. நான் தேடிப் போனது, 'அசல்' என்ற சொல்லுக்கு நம் ஊர்ப்பக்கம் என்ன அர்த்தம் இருந்தது, அது எப்படியெல்லாம் மாறியது என்பதை.

1

முதலில் அந்தப் பெட்டி எதற்கு என்று பார்த்துவிடலாம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905 நவம்பரில் ஒரு காப்புரிமை பெற்றார். இன்ஜினிலிருந்து வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுழற்சியாலேயே வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கலாம் என்பது யோசனை. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும், அதே இன்ஜினிலிருந்து கூடுதல் சக்தி கிடைக்கும். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு விமான இன்ஜினைக் கொண்டுபோய், காற்று மெலிந்த இடத்திலும் டர்போ வைத்தால் சக்தி குறையாது என்று ஓட்டிக் காட்டினார்.

சிக்கல் எங்கே வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்ப்பின் அடிப்பாகம் சுடும். அழுத்தினால் காற்று சூடேறும். காரைக்குடி வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குத் தள்ளினால், சாதாரண டர்போ ஒன்றில் அது சுமார் 130 டிகிரிக்கு ஏறிவிடும். சூடான காற்று விரிந்து மெலியும். அடர்த்திக்காகத்தான் டர்போ வைத்தோம், அந்த லாபத்தில் ஒரு பகுதியைச் சூடு தின்றுவிடுகிறது. நடுவில் ஒரு பெட்டியை வைத்து 60 டிகிரிக்குக் குளிர்வித்தால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். டீசல் இன்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடு புகையும் குறையும். பெட்ரோல் இன்ஜினில் 'நாக்கிங்' குறையும்.

கார்களுக்கு இந்தப் பெட்டி தாமதமாகத்தான் வந்தது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் டர்போ இருந்தது, இன்டர்கூலர் இல்லை. பதிலாகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும், அது காற்றோடு சேர்ந்து உள்ளே போய்க் குளிர்விக்கும். ஜனங்கள் ஊற்ற மறந்தார்கள், கார் தோற்றது. 1978இல் போர்ஷே தன் 911 டர்போவின் பின் இறக்கைக்கு அடியில் இன்டர்கூலரை வைத்தபோது அது பந்தயக்காரர்களின் ஆசைப்பொருளானது. நம் ஊருக்கு அது ஆசையாக வரவில்லை, சட்டமாக வந்தது. 2000த்தில் தொடங்கிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொரு படியாக இறுகி, 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுக்கவும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6ஆகவும் வந்ததற்குள், டர்போவும் இன்டர்கூலரும் இல்லாத லாரியைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. எல்லா வண்டியிலும் இருக்கிற சாமான் என்றால் எல்லா ஊரிலும் தேய்கிற சாமான். தேய்கிற சாமானுக்கு மாற்று வேண்டும். மாற்று இருக்கும் இடத்தில் போலியும் வரும்.

2

'போலி' என்ற சொல்லை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம், இலக்கண வகுப்பில். மயல் மையல் ஆவது முதற்போலி. அமச்சு அமைச்சு ஆவது இடைப்போலி. அறம் அறன் ஆவது கடைப்போலி. ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாமல் இருந்தால் அது போலி என்கிறது இலக்கணம். நன்னூல் அதைப் பிழை என்று சொல்லவில்லை, அனுமதிக்கிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் எல்லாக் குழப்பமும் இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. வண்டி செய்த கம்பெனி அல்லாமல் வேறொருவர், தன் சொந்தப் பெயரில், அதே வேலையைச் செய்யும் இன்டர்கூலரைச் செய்து விற்கிறார். ஆஃப்டர்மார்க்கெட் என்று இதற்குப் பெயர். இது இலக்கணப் போலி: எழுத்து வேறு, பொருள் ஒன்று. கள்ளச் சாமான் இதற்கு நேர் எதிர். பெயர், லோகோ, அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே. உள்ளே இருப்பது வேறு. எழுத்து ஒன்று, பொருள் வேறு.

கடையில் இரண்டையும் 'டூப்ளிகேட்' என்றே சொல்கிறோம். அண்ணன் அப்படிச் சொல்வதில்லை. அவர் கணக்கில் நாலு வகை: கம்பெனி சாமான், பேர் போட்ட வெளிச்சாமான், பேர் போடாத லோக்கல், அப்புறம் திருட்டுப் பேர். "முத மூணும் வியாபாரம் தம்பி. விலைக்கேத்த சரக்கு. நாலாவதுதான் களவு" என்றார்.

3

இந்த நாலு வகையும் நம் பக்கத்தில் எப்படி வந்தன என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று பரவிய அந்தத் தொழிலில் வண்டி, டயர், உதிரிபாகம் எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். அப்போது அசல் என்றால் கப்பலில் வந்தது, அவ்வளவுதான். வேறு பொருளே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். கரியை எரித்து வாயு எடுத்து வண்டியோட்டும் 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றது. கப்பல் வராத காலத்தில் உள்ளூர்க் கை என்ன செய்யும் என்று அது காட்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல், பாகங்களை இறக்கிப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. 1950களின் நடுவுக்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. ஆனால் அவர்கள் விற்ற வண்டிகள் போகவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் கொட்டகைகளில் நின்ற கார்களுக்கும், சாலையில் ஓடிய பேருந்துகளுக்கும் பாகம் வேண்டும். செய்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். அப்போது தேய்ந்த பாகத்தை மேசையில் வைத்து, காலிப்பரால் அளந்து, மண்ணில் அச்செடுத்து வார்த்துக் கொடுத்தவர்கள்தான் ஊரை ஓடவைத்தார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளும் லூதியானா பட்டறைகளும் வளர்ந்ததில் இந்தத் தேவைக்கும் பங்கு உண்டு. அந்தப் பாகங்களை 'டூப்ளிகேட்' என்று நையாண்டியாகச் சொன்னோம். அவை இல்லாவிட்டால் பேருந்து நின்றிருக்கும்.

அப்படிக் கற்ற கை சில இடங்களில் அசலாகவே ஆனது. 1960களில் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாஸனர்ஸ் என்று சென்னையைச் சுற்றி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ரேடியேட்டர் மூடிகளைச் சுந்தரம் பாஸனர்ஸ் சென்னையிலிருந்து செய்து அனுப்பியது. நாற்பது வருடம் முன்னால் இதே கம்பெனியின் வண்டிக்கு இங்கே செய்த மூடி 'லோக்கல்'. இப்போது இங்கே செய்த மூடிதான் அமெரிக்காவில் 'ஜெனுயின்'. எந்த ஊரில் செய்தது என்பதால் ஒரு பொருள் அசலாவதில்லை. யார் பெயரில், யார் பொறுப்பில், எந்த அளவுகோலுக்கு உட்பட்டுச் செய்தது என்பதால் ஆகிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை, காலடியிலேயே சாட்சி இருக்கிறது. இத்தாலிச் சலவைக்கல்லும், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பீங்கான் ஓடுகளும் பதித்த வீடுகள் இவை. அந்த இறக்குமதி ஓடுகளின் அழகைச் சிமென்ட்டிலும் உள்ளூர் மணலிலும், கண்ணாடிப் பலகை மேல் கையால் ஊற்றி எடுத்தார்கள் ஆத்தங்குடியில். அன்று அது வெளிநாட்டு ஓட்டுக்கு மாற்று. இன்று ஆத்தங்குடிக் கல்லே அசல். அதன் டிசைனை அச்சடித்த தொழிற்சாலை டைல்ஸை 'ஆத்தங்குடி' என்று விற்கிறவர்கள்தான் இப்போது போலி. ஆத்தங்குடிக்காரர்கள் தங்கள் கல்லை இத்தாலிக் கல் என்று சொல்லி விற்றிருந்தால் இந்தப் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது.

4

இப்போது பட்டறைக்கு வருவோம். அண்ணன் இரண்டு இன்டர்கூலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர்.

"பொட்டியப் பாக்காதீங்க தம்பி, சாமானத் தூக்குங்க."

தூக்கினேன். ஒன்று வெயிட், ஒன்று லேசு. முதல் பரிசோதனை எடைதான். அலுமினியம் காசு. களவு செய்பவன் முதலில் கைவைப்பது அதில். குழாயின் சுவரை மெலிதாக்குவான், ஃபின்களை அகல அகலமாக வைப்பான். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மடிப்பு என்று எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எண்ணுவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஸ்கேலும் கண்ணும் போதும்.

இரண்டாவது, உள்ளே பார்ப்பது. காற்று நுழையும் வாயில் டார்ச் அடித்தால் குழாய்களுக்குள்ளும் சிறு ஃபின்கள் தெரிய வேண்டும். காற்றைக் கலக்கி, சூட்டைச் சுவருக்குக் கடத்துவது அவைதான். போலியில் பெரும்பாலும் குழாய் வெறுங்குழாயாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல், உள்ளே ஒன்றுமில்லை. வாங்குபவர் பார்க்காத இடத்தில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது, இணைப்பு. நல்ல கோர் உலையில் வைத்து பிரேஸ் செய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஃபின்னும் குழாயோடு ஒட்டியிருக்கும், விரல் நுனியால் லேசாகத் தள்ளினால் ஆடாது. ஆடினால் அது தொட்டுக்கொண்டிருக்கிறது, ஒட்டவில்லை. சூடு அங்கே தாண்டாது. இரு பக்க டேங்க்குகளில் வெல்டிங் இருந்தால் அது அடுக்கி வைத்த காசு மாதிரி சீராகப் போக வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் சந்தேகம். உள்பக்கம் தெறித்த உலோகப் பொட்டு ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் பொட்டு ஒரு நாள் கழன்று காற்றோடு நேராக சிலிண்டருக்குள் போகும்.

நாலாவது, ரேடியேட்டர் கடைக்காரர்களின் பழைய வித்தை. ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றைக் கட்டி, தண்ணித் தொட்டியில் முக்குவது. பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போலத்தான். குமிழி வந்தால் கசிவு.

இவ்வளவுக்கும் பிறகுதான் அச்சு, ஸ்பெல்லிங், பார்ட் நம்பர், லோகோவின் நிறம் எல்லாம். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். பெட்டி அசலாகவே இருக்கலாம்: பட்டறையில் பிரித்துப் போட்ட கம்பெனி அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை உண்டு. அதனால் அண்ணன் பெட்டியை முழுசாகப் பழைய பேப்பர்காரருக்குப் போடமாட்டார், கிழித்துத்தான் போடுவார்.

தவறான இன்டர்கூலர் வண்டியை உடனே நிறுத்தாது. சிரமமே அதுதான். மெல்லக் கசியும். இழுவை குறையும், கரும்புகை வரும், மைலேஜ் இறங்கும். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், ஒருநாள் டர்போ போகும். டர்போ போனால் "டர்போ சரியில்லை" என்பார்கள், அல்லது "மெக்கானிக் சரியில்லை" என்பார்கள். முகப்பில் அமைதியாக நிற்கும் பெட்டியை யாரும் கேட்கமாட்டார்கள். புது டர்போ போட்டு, அதே பெட்டியோடு ஓட்டினால், பழைய டர்போவின் நொறுங்கிய துணுக்குகள் அதற்குள்ளேயே இருந்துகொண்டு இன்ஜினுக்குள் இறங்கும். மாதத் தவணை கட்டிக்கொண்டு ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு இது மூன்று செலவு. அதற்கு மேல், ஒரு மெக்கானிக்கின் பெயரும் போகிறது. அண்ணனுக்கு இதில் உள்ள கோபம் அலுமினியத்தைப் பற்றியது அல்ல.

5

பெயரைக் காப்பாற்ற நம்மிடம் சட்டம் இருக்கிறது, அதுவும் ரொம்பப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணிப் பொதிகளின் மேல் வண்ண 'டிக்கெட்' ஒட்டி அனுப்பினார்கள். சாமி படம், யானை, புலி. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இன்ன கம்பெனித் துணி என்று கேட்டு வாங்கலாம். படம் செல்வாக்குப் பெற்றதும் அதே படத்தை வேறு துணியில் ஒட்டும் வேலையும் தொடங்கியது. 1889இல் இந்தியாவில் வணிகக் குறிகள் சட்டம் வந்தது. 1940இல் டிரேட் மார்க்கைப் பதிவு செய்யும் சட்டம், 1958இல் அதற்கு மாற்று, இப்போது நடப்பில் இருப்பது 1999ஆம் வருடச் சட்டம்.

இந்த 1999 சட்டம் நன்னூலைப் போலவே இரண்டு போலிகளையும் பிரிக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். 103, 104ஆம் பிரிவுகளின்படி, அடுத்தவர் பெயரைப் பொய்யாகப் போடுவதும், போட்டதை விற்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் 30ஆம் பிரிவு, ஒரு பாகம் இன்ன வண்டிக்குப் பொருந்தும் என்று தெரிவிக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு அந்த வண்டியின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறது. ஐரோப்பாவிலும் இதே வழக்கு வந்தது. ஃபின்லாந்தில் வேறு கம்பெனி பிளேடு ஒன்றின் உறையில் "ஜில்லெட் கைப்பிடிக்குப் பொருந்தும்" என்ற கருத்தில் எழுதியதற்கு ஜில்லெட் வழக்குப் போட்டது. பொருந்தும் என்று வாங்குபவருக்குச் சொல்ல வேறு வழியில்லை என்றால், நேர்மையான முறையில் சொல்லலாம் என்று 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் விளக்கியது. "இன்ன வண்டிக்கு ஆகும்" என்பது வியாபாரம். "இன்ன கம்பெனியே செய்தது" என்பது பொய்.

சட்டம் தெளிவுதான், நடைமுறைதான் மெதுவாக நகர்கிறது. போலீஸ் சோதனை போட வேண்டுமானால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் டிரேட் மார்க் பதிவாளரின் கருத்தையும் வாங்க வேண்டும். அதிகாரம் தப்பாகப் போகாமலிருக்க வைத்த தடுப்பு இது. நியாயம்தான். ஆனால் காகிதம் போய் வருவதற்குள் சரக்கு ஊர் மாறிவிடும்.

6

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எனக்கு இதன் தீர்வு சுலபம் என்று முதலில் தோன்றியது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கியூ.ஆர். கோடு, ஸ்கேன் பண்ணினால் அசலா என்று சொல்லிவிடும். கொஞ்சம் யோசித்தால் ஓட்டை தெரியும். நாங்கள் ஒரு ஃபைலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போடும்போது, கையெழுத்து அந்த ஃபைலின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. ஸ்டிக்கர் அப்படியல்ல. அலுமினியத்துக்கும் அதன் மேல் ஒட்டிய கோடுக்கும் எந்தக் கணக்குத் தொடர்பும் கிடையாது. ஒரு அசல் கோடை ஆயிரம் பிரதி எடுத்து ஆயிரம் போலியில் ஒட்டலாம். ஸ்கேன் செய்தால் ஸ்டிக்கர் அசலா என்று மட்டும் தெரியும். ஒரே எண் பல ஊர்களில் ஸ்கேன் ஆகிறதா என்று கம்பெனி கவனித்தால் திருட்டு வெளிப்படும், அதற்கு எல்லோரும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஹாலோகிராமின் கதையும் இதேதான். அசல் சாமானை நகலெடுக்க முடிந்தவனுக்கு அதன் முத்திரையை நகலெடுப்பது பெரிய வேலை இல்லை.

காகிதத்தை நம்பி பொருளைப் பார்க்காமல் விட்டதன் விலை ஒரு முறை ரொம்பப் பெரிதாக இருந்தது. 1989 செப்டம்பர் 8, ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் நோக்கிப் பறந்த பார்ட்னேர் நிறுவன விமானம் டென்மார்க் கடலோரத்தில் விழுந்தது. 55 பேரும் இறந்தார்கள். வால் துடுப்பை உடம்போடு பிணைத்த போல்ட்டுகளும் பின்களும் போலி என்று விசாரணையில் தெரிந்தது. தேவையான உறுதி அவற்றுக்கு இல்லை. ஒரு போல்ட்டின் உறுதி அதன் தோற்றத்தில் தெரியாது.

7

கோவிலூருக்கு வெளியூரில் இருக்கிற பெயர், அங்கே உள்ள வேதாந்த மடத்தால் வந்தது. முத்துராமலிங்க ஆண்டவர் வழியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அத்வைதத்தைத் தமிழிலேயே பாடம் சொல்லிவரும் இடம். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் போன்ற நூல்களை வரிசைப்படி சொல்லிக்கொடுக்கும் மரபு. அத்வைதம் படிக்கப் போகிற யாரும் இரண்டு உவமைகளைத் தாண்டாமல் போக முடியாது. ஒன்று கயிற்றில் தோன்றும் பாம்பு. இன்னொன்று இப்பியில் தோன்றும் வெள்ளி. கடற்கரையில் மினுங்கும் சிப்பியை வெள்ளி என்று நினைத்து ஒருவன் ஓடுகிறான்.

கயிறும் பாம்பும் பயத்தின் உவமை. சிப்பியும் வெள்ளியும் ஆசையின் உவமை. வெள்ளி வேண்டும் என்று நினைக்காதவன் கண்ணுக்குச் சிப்பி சிப்பியாகவே தெரியும். கடையில் பாதி விலைக்கு 'ஒரிஜினல்' கேட்டு நிற்கும்போது நமக்கு நடப்பது இதுதான். எடை, ஃபின், வெல்டிங் எல்லாம் கண்ணெதிரில் இருந்தும் லோகோ மட்டும் தெரிகிறது. ஆனால் உவமையை முழுக்க ஏற்க முடியவில்லை. கடற்கரைச் சிப்பி யாரையும் ஏமாற்றக் கிடக்கவில்லை. இங்கே சிப்பியைத் தேய்த்து, வெள்ளி என்று எழுதி, வழியில் வைத்த ஒரு ஆள் இருக்கிறான். வாங்குபவரின் அறியாமையைப் பேசிப் பேசி அவனை மறந்துவிடுகிறோம்.

அந்த ஆளால் நஷ்டப்படுவது பெரிய கம்பெனி மட்டும் என்று நினைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். முதல் அடி விழுவது, நல்ல கோரை வாங்கி, ஒழுங்காக வெல்ட் செய்து, தொட்டியில் முக்கிப் பார்த்து, தன் பட்டறைப் பெயரைத் தானே பொறித்து நியாயமான விலைக்குக் கொடுக்கும் சிறு தயாரிப்பாளர்மேல். திருட்டுப் பெயர் போட்ட சாமான் அவர் விலைக்கே கிடைக்கிறது, கூடவே பெரிய லோகோவும் கிடைக்கிறது. அவருடையதை வாங்க யார் வருவார்கள்? வராதபோது அவருக்கு இரண்டு வழி: கடையை மூடலாம், அல்லது அவரும் அடுத்தவர் பெயரைப் பொறிக்கத் தொடங்கலாம். காலிப்பரும் மண் அச்சுமாக இந்த நாட்டை ஓடவைத்த கைகள் தங்கள் பெயரில் ஒரு பொருளைச் செய்யும் வாய்ப்பு அங்கேதான் அறுகிறது.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல், நாணயம். லேவாதேவியில் வளர்ந்த இந்த ஊர்களில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்டர்கூலர் வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணன் சொல்வது சின்ன விஷயம். சாமானைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே டார்ச் அடியுங்கள், பிறகு பில் கேளுங்கள். பில்லில் 'இன்டர்கூலர் 1' என்று எழுதினால் போதாது, யார் செய்தது என்று எழுதச் சொல்லுங்கள். லோக்கல் என்றால் லோக்கல் என்றே எழுதட்டும், தப்பில்லை, அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பெயரை எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.